மலைக்கு யார் மதிப்புப் போடுவது?

டிசம்பர் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரை மஸ்கெலியா, நல்லதண்ணிப் பாதை இரவிலும் ஓய்வதில்லை. சிவனொளிபாதமலையின் உச்சியில், 2,243 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஒரு பாதச்சுவட்டைச் சைவர்கள் சிவனுடையது என்கிறார்கள். பௌத்தர்கள் புத்தருடையது என்கிறார்கள். இஸ்லாமியர் ஆதம் நபியை நினைக்கிறார்கள். கிறிஸ்தவர்களில் ஒரு சாரார் புனித தோமாவை. எல்லாரும் ஏறுவது ஒரே படிகளில்தான்.

சிவனொளிபாதமலைக் காடு, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைத்தொடர் மூன்றையும் சேர்த்து 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இட்டது. அதற்குக் கொண்ட அளவுகோல்கள் இரண்டு. இரண்டும் இயற்கை பற்றியவை: ஒன்று உயிர்ச்சூழலின் இயக்கம், மற்றது உயிரினங்களின் பன்மை. தலைமுறை தலைமுறையாக மக்கள் கும்பிட்டு ஏறிய மலை என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. காட்டுக்கு மதிப்புப் போடுகிறவர்கள் எதை எழுதிக்கொள்ள வேண்டும்?

கணக்குப் போடுவதே தவறு என்று ஒதுக்கிவிட முடியாது. கோப்பிக்காக மலைகள் மொட்டையாகிக்கொண்டிருந்த காலத்தில், 1873இல், லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளில் கைவைக்க வேண்டாம் என்று ஆலோசனை சொன்னார். ஹோர்ட்டன் சமவெளியில் காடு மிஞ்சியதில் அந்தச் சொல்லுக்கும் பங்குண்டு. அங்கே குட்டை மரங்களின் இலையிலும் கிளையில் அடர்ந்த பாசியிலும் மூடுபனி படிந்து, சொட்டுச்சொட்டாக மண்ணுக்குள் இறங்குகிறது. மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் அது ஊற்றுக்கண்.

2005இல் முடிந்த ஐ.நா.வின் ஆயிரமாண்டுச் சூழல் மதிப்பீட்டில் 1,360க்கும் மேற்பட்ட வல்லுநர்கள் பங்கெடுத்தார்கள். இயற்கை மனிதருக்குத் தருவதாக அவர்கள் ஆராய்ந்த 24 'சேவை'களில் 15 சீரழிந்து வந்தன. ஆன்மிகத்தையும் பண்பாட்டுச் சேவைகளில் ஒன்றாக அவர்கள் சேர்த்தது நல்லதே. ஆனாலும் சேவை என்ற சட்டகத்துக்குள் மலை கொடுத்துக்கொண்டே இருக்கிறது, மனிதன் வாங்கிக்கொண்டே இருக்கிறான்.

விலை உள்ள பொருளுக்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம். ஈடே வைக்க முடியாததற்கு இருப்பது மாண்பு. 1785இல் இப்படிப் பிரித்துக் காட்டிய இமானுவேல் கான்ட் மனிதரை நினைத்துத்தான் சொன்னார். மலைநாட்டில் எதற்கு விலை, எதற்கு மாண்பு என்ற கேள்வி அருவி வரைக்கும் நீள்கிறது.

தலவாக்கலையில் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவாட் மின்சாரம் தரவல்லது. ஆற்று நீரைச் சுரங்கவழியே திருப்பினால் சென்கிளேயர் அருவி வற்றிவிடும் என்று பெரும் எதிர்ப்பு எழுந்தது. பகலில் குறிப்பிட்ட அளவு நீரை அருவிக்கு விடுவதென்று சமரசம் ஆனது. மின்சாரத்துக்கு அலகு உண்டு, விடும் நீருக்கும் அளவு உண்டு. அருவி இரவிலும் விழ வேண்டியது என்று நினைப்பவரின் மனக்குறையை எந்தப் பத்தியில் எழுதுவது?

தேயிலைத் தோட்டத்து வழிபாட்டில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. கவ்வாத்து வெட்டக் கத்தி எடுக்குமுன் கவ்வாத்துச்சாமிக்குப் படையல். தொழிற்சாலையில் ரோதைகளைக் காக்க ரோதமுனி. தேயிலை மலையின் ஓரத்தில், மரத்தடியில் ஒரு கல். அதில் மஞ்சளும் குங்குமமும், பக்கத்தில் துருப்பிடித்த சூலம். எடுப்பதற்கு முன் கொடு, கேட்டுக்கொண்டு வெட்டு என்பதே இந்தச் சடங்குகளின் பொருள். இயற்கையால் மனிதருக்கு என்ன லாபம் என்று மதிப்பீடு கேட்கும் இடத்தில், மலைக்கு மனிதர் என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்று படையல் கேட்கிறது. பல்லுயிர், சூழல் சேவைகளுக்கான அரசுகளுக்கிடையிலான அமைப்பு 2022இல் வெளியிட்ட அறிக்கையும், பயன்மதிப்போடு உறவுமதிப்பையும் சேர்க்கச் சொல்லி இந்தப் பக்கம் நெருங்கி வந்திருக்கிறது.

அந்தக் கடனை அறிந்தவர்களிடம் யாராவது கேட்கிறார்களா என்பதே மலையகத்தின் கவலை. தோட்ட நிலத்தில் பெரும்பகுதி அரசுடையது. 1992 முதல் நிர்வாகம் கம்பெனிகளிடம். லயம் எனும் தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்வோரில் பெரும்பாலோரிடம் காணி உறுதி இல்லை. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆகாதவர்களே அதற்குள் புதைந்தார்கள்.

ஆகவே நுவரெலியாவிலோ ஹட்டனிலோ அடுத்த மதிப்பீடு நடக்கும்போது, அதிகாரிகள் தொரை பங்களாவோடு நின்றுவிடாமல் கோயில் கமிட்டியிடமும் கொழுந்தெடுக்கும் பெண்களிடமும் போக வேண்டும். எந்தப் பீலியில் தண்ணீர் குறைந்தது, எந்த மரத்தடியில் சாமி இருக்கிறது, எந்தச் சரிவில் மழைக்காலத்தில் நிலம் வெடிக்கிறது என்று அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். விலை போட முடியாதவற்றுக்கு அறிக்கையில் தனிப் பத்தி ஒதுக்கி, அங்கே கைவைக்குமுன் அந்தத் தோட்டத்து மக்களின் சம்மதம் வேண்டும் என்பதைச் சட்டமாக்க வேண்டும்.