வாங்குகிறவனின் பங்கு

ஒரு தீவினையைத் தானே செய்வதும், பிறரைக்கொண்டு செய்விப்பதும், பிறர் செய்ததற்கு மனத்தால் இசைவதும் ஆகிய மூன்றையும் கிருதம், காரிதம், அனுமோதனை என்று வகுத்து, மூன்றுமே கர்ம பந்தத்துக்கு வாயில்கள் என்றது ஜைன தர்மம். அச்சமயம் கொங்கு நாட்டில் செழித்திருந்ததற்கு விஜயமங்கலத்துச் சந்திரப்பிரபர் கோயில் இன்றும் சாட்சி. அங்கிருந்து அதிக தூரமில்லாத ஒரத்துப்பாளையம் அணைக்குச் சென்றால், மூன்றாவது வாயில் எவ்வளவு அகலமானது என்பது விளங்கும்.

வெள்ளியங்கிரியில் பிறந்து பேரூரைத் தொட்டு வரும் நொய்யல், பாசனத்துக்கென 1992இல் கட்டப்பட்ட அந்த அணையில் வந்து தேங்கியபோது, அதனோடு திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவும் தேங்கியது. சாயத்தை நீரிலிருந்து பருத்தி இழைக்குள் தள்ளுவதற்காகப் பட்டறைகளில் உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிட, உப்போ இழையில் ஒட்டாமல் அலசிய நீரோடு வெளியேறி, ஆற்றிலும் கரையோரத்துக் கிணறுகளிலும் சேர்ந்தது. நிறம் நாளடைவில் மங்கலாம். உப்பு கரைந்தபடியே இருந்து நிலத்தை உவராக்கும். வெள்ளாமைக்கென்று எழுந்த அணையில் தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று உழவர்களே போராட நேர்ந்த கொடுமை வேறெங்கே உண்டு!

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சட்டம் பட்டறைக்காரரோடு நின்றுவிடும். தர்மம் அப்படி நிற்பதில்லை. புலாலை விலைக்கு வாங்குபவனைக் கொலையினின்று பிரித்துவைக்க மறுத்த வள்ளுவரின் தர்க்கம், இருக்கும் சட்டை நையுமுன் மலிவு கண்டு மற்றொன்றை எடுக்கும் நம்மையும் விடாது.

பனியன் கம்பெனிகளை நம்பிப் பிழைக்கும் லட்சக்கணக்கானோர் என்ன ஆவார்கள் என்று கேட்பவரின் கவலை மெய்யானது. பட்டறைகள் மூடியபோது கூலிக்காரரின் அடுப்பும் அணைந்தது. ஆகவே தொழிலை நான் பழிக்கவில்லை. கழிவுநீரைச் சுத்திகரித்து மீட்கும் செலவு துணியின் விலையில் ஏறுவதே நியாயம் என்றும், அவ்விலையை மனமுவந்து கொடுக்க வேண்டுமானால் முதலில் வாங்கும் எண்ணிக்கை குறைய வேண்டும் என்றுமே சொல்கிறேன்.

இல்லறத்தாரை அந்த ஜைன தர்மம் ஆடையைத் துறக்கச் சொல்லவில்லை. உண்பவற்றுக்கும் உடுப்பவற்றுக்கும் ஓர் அளவை ஆசை எழுமுன்பே தாமே வரையறுத்துக்கொள்ளும்படி, போகோபபோக பரிமாணம் என்ற விரதத்தை அவர்களுக்கு விதித்தது. ஆயுள் முழுவதற்கும் அதை ஏற்க இயலாதவர் ஒரு மாதத்துக்கோ ஒரு பருவத்துக்கோ ஏற்கலாம் என்றும் இடங்கொடுத்தது.