அறிந்த பின் வரும் ஆண்டுகள்

ஒரு நோயின் காரணம் தெரிந்துவிட்டால் மருந்தும் விரைவில் வந்துவிடும் என்று பொதுவாக நம்பப்படுகிறது. ஆனால் அமெரிக்காவின் பெதஸ்தாவிலுள்ள தேசிய சுகாதார நிறுவனங்களில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய ராஸ்கோ பிரேடியின் (1923–2016) ஆய்வு வாழ்வில் இவ்விரண்டுக்கும் இடையே கால் நூற்றாண்டு கடந்து போயிற்று. காரணம் தெரிந்தும் கொடுக்க மருந்தில்லாத அத்தகைய காலத்தில், கண்டறிந்தவர் நோயாளிக்குப் பட்டிருக்கும் கடன் என்ன என்ற கேள்வியை அவருடைய பணி எழுப்புகிறது.

செல்லுக்குள் பயன் தீர்ந்த பொருள்களைச் சிதைக்கும் நொதிகள் நிறைந்த நுண்பைகளே லைசோசோம்கள். அந்நொதிகளுள் ஒன்று பரம்பரைக் குறைபாட்டால் செயலிழக்கும்போது, அது சிதைத்திருக்க வேண்டிய பொருள் அங்கேயே தேங்கிவிடுகிறது. பிரெஞ்சு மருத்துவர் பிலிப் கோஷே 1882இல் விவரித்து, மண்ணீரலில் தோன்றும் ஒருவகைப் புற்று என்று கருதிய கோஷே நோயில் தேங்குவது, மடிந்த இரத்த அணுக்களிலிருந்து வரும் குளுக்கோசெரிப்ரோசைடு என்னும் கொழுப்பு. பழைய அணுக்களை விழுங்கி அகற்றும் மேக்ரோஃபேஜ் செல்கள் இக்கொழுப்பால் உப்பி, நுண்ணோக்கியின் கீழ் கசக்கிய மெல்லிய தாளைப் போலச் சுருக்கங்களோடு தெரிகின்றன; மண்ணீரலும் கல்லீரலும் பெருக்கின்றன, இரத்தம் குறைகிறது, எலும்புகள் வலித்து நொறுங்குகின்றன.

உடல் இக்கொழுப்பை மிகுதியாக உருவாக்குகிறதா, உருவானதைச் சிதைக்க இயலாமல் தவிக்கிறதா என்பதே பிரேடி எடுத்துக்கொண்ட வினா. கதிரியக்கக் கார்பன் சேர்த்த கொழுப்பைக் கொண்டு சோதித்த அவருடைய குழு, உருவாக்கத்தில் பிழையில்லை என்றும் குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்னும் நொதியே குறைவு என்றும் 1960களின் நடுவில் நிறுவியது. இதனால் நோயை உறுதிசெய்யும் சோதனையும், குறைபாட்டைச் சுமப்போரை அறியும் வழியும் கிடைத்தன. தீர்வில்லாத நோயைப் பெயர் சொல்லி அறிவிப்பது பெற்றோரின் துயரத்தைக் கூட்டுவதாகாதா என்ற ஐயத்தில் நியாயம் உண்டு; எனினும் அறிவித்தவர் அடுத்த ஆய்வுக்கு நகர்ந்துவிடாமல் அந்நோயோடு நின்றால், அறிவிப்பே ஒரு பொறுப்பேற்பாகிவிடுகிறது.

பிரேடி நின்றார். இல்லாத நொதியை வெளியிலிருந்து கொடுக்கலாம் என்று 1966இலேயே முன்மொழிந்த அவர், பிரசவத்துக்குப்பின் கழித்துவிடப்படும் நஞ்சுக்கொடியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். யாரோ முன்பின் அறியாத தாய்மார்களின் உடலிலிருந்து வந்த பொருள் என்பதால் அம்மருந்துக்கு ஒரு மானுடத் தொடர்பு இருந்தது. இரு நோயாளிகளுக்குச் செலுத்தியபோது கல்லீரலில் தேங்கிய கொழுப்பு 26 விழுக்காடு குறைந்ததாக 1974இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அடுத்து வந்த முயற்சிகளில் பலன் சீராக இல்லை. செலுத்திய நொதியில் பெரும்பகுதி, கொழுப்பு தேங்கிய மேக்ரோஃபேஜ்களுக்குச் செல்லாமல் கல்லீரலின் மற்ற செல்களுக்குச் சென்றது. தொடக்க வெற்றியைத் தொடர்ந்து வரும் இத்தகைய ஆண்டுகளைக் கடப்பதே ஆய்வு வாழ்வில் மிகக் கடினம் எனலாம். பலன் அறவே இல்லையென்றால் கைவிடுவதற்கு நியாயமாவது இருந்திருக்கும்.

நொதிமீது ஒட்டியுள்ள சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியிலிருந்து சில சர்க்கரைகளை ஒவ்வொன்றாகக் களைந்து, அடியிலுள்ள மேனோஸ் என்னும் சர்க்கரையை வெளித்தெரியச் செய்ததில் வழி பிறந்தது. மேக்ரோஃபேஜ்கள் மேனோஸை அடையாளங்கண்டு பற்றிக்கொள்பவை. இவ்வாறு மாற்றிய நொதியைப் பெற்ற 12 நோயாளிகள் அனைவருக்கும் ஹீமோகுளோபின் உயர்ந்ததை 1991இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மருந்துக்கு அவ்வாண்டே ஒப்புதலும் கிடைத்தது. அதன் விலை பல குடும்பங்களுக்கு எட்டாததாயிற்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இரத்தத்தில் செலுத்தும் நொதி மூளைக்குள் நுழைவதில்லை. ஆகவே கோஷே நோயின் இரண்டாம் வகையால் மூளை பாதிக்கப்பட்டுக் கைக்குழந்தைப் பருவத்திலேயே இறப்போரின் உயிரை இம்மருந்து காக்கவில்லை. அக்குழந்தைகளின் பொருட்டு மூளைத் திசுவுக்குள் நொதியை நேரடியாகச் செலுத்தும் முயற்சியில், எண்பது வயதைக் கடந்த பின்னரும் பிரேடி சக ஆய்வாளர்களோடு ஈடுபட்டிருந்தார்.