பழைய நேரம்

மணிக்கூட்டின் உள்ளே இருப்பவற்றில் வேலை எதுவும் செய்யாதது டயல். அது அசையாது, எதையும் அசைக்காது. கழற்றி மேசையில் வைத்துவிட்டாலும் சக்கரங்கள் தம்பாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் ஆயுள் முழுக்க நாங்கள் பார்ப்பது அதை மட்டுந்தான். அப்பாவின் சீக்கோவுக்கு வேறு டயல் போடுவதா விடுவதா என்று மனம் இழுபட்ட நாட்களில் இது அடிக்கடி நினைவில் வந்தது.

ஒருகாலத்தில் அது வெள்ளி நிற டயல். ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் பூச்சுப் பொக்களித்து உரிந்து, அடியிலிருந்த பித்தளையில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. எட்டு மணிக் கோடு கழன்று கண்ணாடிக்குள் திரிந்தது. அப்பாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. முள்ளின் சரிவைப் பார்த்தே நேரம் சொல்லிவிடுவார். அவருக்குப் பிறகு என் கைக்கு வந்தது. ஒருநாள் அந்தக் கோட்டுத்துண்டு நிமிட முள்ளுக்கு அடியில் செருகி மணிக்கூட்டை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு யோசிக்க இடமிருக்கவில்லை.

*

சித்தப்பா சவுதியிலிருந்து வந்தபோது அப்பாவுக்குக் கொடுத்தது அது. சீக்கோ 5 வரிசை 1963இல் யப்பானில் தொடங்கியது. கையின் அசைவிலேயே முறுக்கேறும், கிழமையும் திகதியும் ஒரே சாளரத்தில் தெரியும், குமிழ் நாலு மணிப் பக்கம் ஒதுங்கியிருக்கும். வளைகுடாவில் விற்றவற்றில் கிழமைத் தட்டு ஆங்கிலத்திலும் அரபியிலும் அச்சாகியிருக்கும். அப்பாவுடையதும் அப்படித்தான். அடிமூடியில் 7009 என்ற இயந்திர எண்ணும், எட்டில் தொடங்கும் தொடர் இலக்கமும் இருக்கின்றன. சீக்கோவில் தொடர் இலக்கத்தின் முதல் எண் ஆண்டின் கடைசி எண். 1978ஆக இருக்கலாம், 1988ஆக இருக்கலாம். சித்தப்பா சவுதிக்குப் போனதே எண்பதுகளின் நடுவில் என்பதால் கணக்கு முடிந்துவிடுகிறது.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் வன்னிக்குள் வராத பொருட்களில் பற்றரியும் ஒன்று. றேடியோவைச் சைக்கிள் டைனமோவில் கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். பற்றரி மணிக்கூடுகள் வீட்டுக்கு வீடு நின்றுபோயின. இதற்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. ஆள் நடந்தால் அதுவும் நடக்கும். செக்கனுக்கு ஆறு துடிப்பு, மணித்தியாலத்துக்கு 21,600. அப்பா பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் மிதித்த காலத்தில் அது ஒருநாளும் நின்றதாக நினைவில்லை.

*

நின்றது 2008இல். போர் நெருங்கிக் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிடும்போது பட்டியின் ஊசி உடைந்திருந்தது. கையில் கட்ட முடியாததைச் சட்டைப்பையில் வைத்துத் தொலைப்பதைவிடப் புதைப்பது நல்லது என்று அப்பா நினைத்தார். வன்னியில் அப்போது எல்லோரும் எதையாவது புதைத்தார்கள். பால்மா ரின்னுக்குள், பொலித்தீனில் சுற்றி, அடுப்படிக்குப் பின்னால். மாரி முடிய வந்து எடுக்கலாம் என்பது அவருடைய எண்ணம். அந்தக் கார்த்திகையில் நிஷா புயல் வந்தது. வன்னி வெள்ளத்தில் கிடந்தது. நாங்கள் மெனிக் பாம் முகாமுக்குப் போய், கூரையில்லாத வீட்டுக்கு 2010இல் திரும்பினோம்.

ரின் இருந்த இடத்தில் இருந்தது. இயந்திரத்தை வவுனியாவில் கழுவி எண்ணெய் விட்டு ஓட வைத்தார்கள். டயலைத் தொடவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

*

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் டயலில் கை வைப்பதைப் பாவம்போலப் பார்ப்பார்கள். நடிகர் போல் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் 2017இல் நியூயோர்க் ஏலத்தில் ஒரு கோடியே 77 இலட்சம் டொலருக்குப் போனது. கட்டியிருந்தவரின் பெயர் பாதி விலை என்றால், ஒருகாலத்தில் விற்காமல் கிடந்த அந்த விதமான டயல் மீதிப் பாதி. வெயிலில் நிறம் மங்கிய டயலுக்குக்கூட அங்கே தனி மதிப்பு. அலுமாரி நிறைய மணிக்கூடு வைத்திருப்பவர்களுக்கு அது சரி. பழசின் அழகை ரசிக்கக் கொஞ்சம் பழசாவது மிஞ்சியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கதவு, நிலை, கூரை, படலை எல்லாமே மாற்றியவைதான். மணிக்கூட்டின் முகத்துக்கு மட்டும் ஏன் விலக்கு?

ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். பழைய தகட்டைச் சுரண்டி, புதுப்பூச்சுப் பூசி, மேலே சீக்கோ என்று அச்சடிக்கும் வேலை இந்தியாவில் மலிவாக நடக்கிறது. அது வேண்டாம். அந்தத் தகடு பட்டது அதிலேயே கிடக்கட்டும்.

*

வவுனியாவில் மணிக்கூடு திருத்தும் ஐயா கண்ணில் வில்லையைப் பொருத்திக்கொண்டு பார்த்தார். “இதுக்கு டயல் தேடுற காசுக்குப் புதுசொண்டு வாங்கலாம் தம்பி” என்றார். நான் பேசாமல் நின்றேன். “அப்பான்ரயோ?” என்று கேட்டுவிட்டுத் திருப்புளியை எடுத்தார்.

டயலின் பின்னால் ஊசிமுனை பருமனில் இரண்டு கால்கள். அவை இயந்திரத்தில் உள்ள இரண்டு துளைகளுக்குள் இறுக வேண்டும். குமிழ் மூன்று மணியில் இருக்கும் மணிக்கூட்டின் டயல் இதற்குச் சரிவராது, கால்களின் இடம் வேறு. முதலில் கிடைத்தது அப்படிப்பட்டது. கால்களை வெட்டிவிட்டு ஒட்டலாம் என்று பக்கத்திலிருந்த பெடியன் சொன்னான். ஐயா அவனைப் பார்த்த பார்வையில் அவன் தேத்தண்ணி வாங்கப் போய்விட்டான். பிறகு கொழும்பிலிருந்து, பாகங்களுக்காகக் கழற்றிய ஒரு 7009இன் டயல் வந்தது. கறுப்பு. வெள்ளி நிறம் கிடைக்கவில்லை.

மூன்று முள்களையும் பன்னிரண்டில் ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி, பொலித்தீன் துண்டொன்றை டயலில் விரித்து, இரு பக்கமும் நெம்பினார். முள்கள் பொலித்தீனுக்குள் விழுந்தன. பழைய டயல் ஒரு சின்ன நெம்பலில் கழன்றது. அதன் கீழே திகதித் தட்டு பளிச்சென்று, நேற்று அடித்ததுபோல் இருந்தது. நீர் அதுவரை இறங்கவில்லை.

கறுப்பு டயல் ஏறியது. முள் இல்லாத மணிக்கூட்டில் இப்போது நேரம் என்று ஒன்று இல்லை. ஐயா குமிழை இழுத்து மெல்லத் திருப்பினார். கிழமைச் சாளரத்தில் அரபி வந்தது, போனது. திகதி நகர்ந்து நகர்ந்து டக்கென்று மாறிய இடத்தில் கையை நிறுத்தினார். “இதுதான் நடுச்சாமம்” என்று மணி முள்ளைப் பன்னிரண்டில் வைத்து அழுத்தினார். அப்போது பகல் பதினொரு மணியளவு.

எந்த நடுச்சாமம் என்று கேட்கத் தோன்றியது. எங்கள் பக்கத்தில் ஒரு பத்து வருடம் அது நியாயமான கேள்வி.

*

மின்சாரத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி 1996 மே மாதம் இலங்கை அரசு நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அரை மணியைத் திரும்பக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதி இரண்டையும் ஏற்கவில்லை, பழைய நேரத்திலேயே இருந்தது. கொழும்பு 2006 ஏப்ரலில் பழையதுக்குத் திரும்பும்வரை, ஓமந்தையில் சோதனைச்சாவடியைக் கடப்பவர் அரை மணித்தியாலத்தையும் கடந்தார். 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு இது பகிடியாகவே ஆகிவிட்டது. பஸ்ஸில் நேரம் கேட்டால் “எந்த நேரம்?” என்பதுதான் முதல் பதில். வடகொரியா 2015இல் இப்படி அரை மணி பிரிந்துபோய், 2018இல் தென்கொரியாவோடு பேசச் சென்ற இடத்தில் சுவரில் இரண்டு மணிக்கூடுகளைக் கண்டு மனம் மாறித் திரும்பியபோது, உலகம் அதை ஒரு புதுமையாகப் பேசியது. எங்களுக்கு அது பழகிய சங்கதி.

அப்பா கணக்கு வாத்தியார். பரீட்சைகள் கொழும்பு நேரத்துக்கு நடக்க வேண்டும். கூட்டிக் கழிப்பதை மனதில் செய்வாரே தவிர, குமிழைத் திருப்ப மாட்டார். அதை நான் அரசியலாக எடுத்துக்கொண்டதுண்டு. இப்போது யோசித்தால், ஒழுங்காக ஓடும் ஒன்றை எதற்குத் தொடுவது என்ற கஞ்சத்தனமாகவும் இருந்திருக்கலாம்.

*

போன மாதம் தங்கைக்குச் சம்பந்தம் பேசிச் சாத்திரியாரிடம் போனோம். அவள் பிறந்தது 2001இல், கிளிநொச்சியில். அப்பாவின் கையெழுத்துக் குறிப்பில் இரவு 11.45 என்றிருந்தது. அந்த ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளின் குறிப்பைக் கண்டால் சாத்திரிமார் கேட்கும் கேள்வி ஒன்றுதான். பழைய நேரமோ, புதிய நேரமோ? அரை மணியில் இலக்கினமே மாறிவிடலாம்.

அம்மா என் கையை இழுத்து மணிக்கூட்டைக் காட்டினார்.

“இதைப் பாத்துத்தான் எழுதினவர். இது ஒருநாளும் கொழும்பு நேரம் ஓடேல்லை, ஐயா.”

கறுப்பு டயலைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சாத்திரியார் 11.45ஐ அப்படியே எடுத்துக்கொண்டு கட்டம் போட்டார். ஆஸ்பத்திரி புதிய நேரத்தில், 12.15 என்று பதிந்திருந்தது. அதனால் பிறப்புச் சான்றிதழின்படி தங்கை ஒரு நாள் இளையவள்.