பதினான்கு நாள் வட்டி யாருடையது?

கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் இருக்கும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் கள்ளக்குறிச்சிச் சீமையின் குடியானவன், எடைமேடையில் வண்டி ஏறிய க்ஷணம் முதலே, தான் அறிந்தோ அறியாமலோ கடன் கொடுத்தவனாகிறான். பதினான்கு நாளுக்குள் அவனுக்குக் கிரயம் சேரவேண்டும் என்றும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி தரவேண்டும் என்றும் 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை விதிக்கிறது. வட்டியில்லாத அந்தப் பதினான்கு நாளைப் பற்றியதே இந்த விசாரம்.

கம்பெனிகளின் கையில் இத்தகைய இடைக்காலம் முன்பு பெரும்பாலும் மலடாகவே கழிந்தது; எந்த வங்கியில் எவ்வளவு கிடக்கிறது என்பதைக் கணக்கர் பேரேட்டைப் புரட்டியே அறியவேண்டியிருந்தது; ஏழு நாளுக்குக் குறைந்த தவணை வைப்பை வங்கி ஏற்பதுமில்லை. இன்றோ எல்லா இருப்பையும் கணினி ஒரே திரையில் திரட்டிக் காட்ட, அன்றைய உபரி 'ஓவர்நைட் ஃபண்டு' என்னும் ஓரிரவு நிதியில் புகுந்து, அரசாங்கப் பத்திரங்களின் ஈட்டின்மேல் பிறருக்குக் கடனாகி, மறு வேலைநாளில் ஆதாயத்தோடு மீள்கிறது. (கடனில் தத்தளிக்கும் கூட்டுறவு ஆலைகளுக்கு இந்தப் பாக்கியம் ஏது? நான் சொல்வது உபரி புரளும் பெருங்கம்பெனிகளை. அவற்றுக்குச் சரக்கு அனுப்பிவிட்டு, சிறுதொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கும் 45 நாள்வரை காத்திருக்கும் சிறுதொழில் நடத்துவோரும் இந்தக் குடியானவனின் நிலையிலேயே இருக்கிறார்கள்.)

அந்த ஆதாயம் யாருடையது? தவணைக்குள் கிரயத்தைக் கொடுத்துவிட்டோம், யாருக்கு என்ன நஷ்டம் என்று கம்பெனி கேட்கலாம். வெட்டுக் கூலிக்காக அதே நாட்களில் வட்டிக்கு வாங்கியவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும். பதஞ்சலியின் யமங்களிலும் சமணரின் விரதங்களிலும் ஒருங்கே இடம்பெற்ற அஸ்தேயம் என்னும் திருடாமை, பூட்டை உடைப்பவனை மட்டும் கருதி விதிக்கப்பட்டதென்று நான் எண்ணவில்லை. அறியாமல் செய்த பாவத்துக்கும் அறிந்து செய்த பாவத்துக்கும் பிராயச்சித்தம் வேறு என்று தர்மசாஸ்திரங்கள் பிரிக்கின்றன. ஓரிரவுக்கும் விலை உண்டென்று அறியாதிருந்த காலத்தில் தாமதம் வெறும் சோம்பலாக இருந்திருக்கலாம், ஆனால் அந்த விலையைப் பைசா சுத்தமாகக் கணக்கிட்டுக் காட்டும் யந்திரத்தை எதிரில் வைத்துக்கொண்டு தாமதிப்பவனுக்கு அறியாமை என்ற புகலிடம் இல்லை. 1937-இல் திருவிதாங்கூர்ப் பயணத்தின்போது பிறர் பொருளை இச்சியாதே என்னும் ஈசோபநிஷத்தின் முதல் மந்திரத்தை ஊர்தோறும் விளக்கிய காந்தியடிகள், செல்வன் தன் செல்வத்துக்கே தர்மகர்த்தாதான் என்று கருதினார். பிறர் கிரயத்தைக் கையில் வைத்திருப்பவன் அதனினும் கண்டிப்பான தர்மகர்த்தா அல்லவா?

ஓரிரவு நிதிக்குப் பணம் அனுப்பத் தெரிந்த கணினிக்கு, எடைச்சீட்டு விழுந்த அன்றே குடியானவன் கணக்கில் கிரயத்தைச் சேர்க்கவும் தெரியும். உபரி உள்ள நிர்வாகிகள் அந்த ஆணையை முதலில் இடட்டும்.