கல்லில்லாதோர் பெயர்கள்



வரலாறு கற்கும் மாணவர்களை ஆசிரியர்கள் பழைய சேமக்காலைகளுக்கு அழைத்துச் செல்வதுண்டு. கண்டியிலே, தலதா மாளிகைக்கு அண்மையில், 1817 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரித்தானியப் படையினரின் சேமக்காலை அதற்கு ஏற்ற இடம். கொப்பியும் பென்சிலுமாகக் கல்லுக்குக் கல் நடந்து, பெயர், வயது, மரித்த ஆண்டு, காரணம் என்று எழுதிக் கொள்ளலாம்.

1815 ஆம் ஆண்டின் கண்டி ஒப்பந்தத்தை வரைந்த சேர் ஜோன் டொயிலி 1824 இல் காய்ச்சலால் மரித்து அங்கே துயில்கிறார். நெப்போலியனின் படைகளோடு பொருதித் தப்பிய கப்டன் ஒருவரை 1817 இல் மலேரியா கொண்டுபோயிற்று. 1856 இல் யானையால் கொல்லப்பட்டவர் ஒருவரும் உளர். பாலகரின் கல்லறைகளும் பல. இவற்றை எண்ணிக் கூட்டினால் அக்காலத்து நோயும் வாழ்வும் தெரியவரும். இது நல்ல கல்வியே.

ஆனால் அங்கே கிடப்போர் பாடப்பொருள் மட்டுமா? மக்கபேயர் இரண்டாம் ஆகமம் 12 ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். போரில் மடிந்த தன் வீரரை அவர்தம் முன்னோரின் கல்லறைகளில் அடக்கஞ் செய்ய யூதா மக்கபே சென்றான். அவர்களின் உடைகளுக்குள்ளே விக்கிரகச் சின்னங்கள் இருக்கக் கண்டான். எனினும் அவர்களைக் கைவிடவில்லை. அவர்கள் பாவந் தீர 2000 வெள்ளித் திராக்மா திரட்டி யெருசலேமுக்குப் பலிக்காக அனுப்பினான்.

நமது மண்ணிலோ, 2009 இல் முடிந்த போரில் மாண்ட எத்தனையோ பேருக்குக் கல்லுமில்லை, பெயர் எழுத இடமுமில்லை. காணாமற்போன பிள்ளைக்காக எங்கே மெழுகுதிரி ஏற்றுவதென்று அறியாத தாய்மார் நம் பங்குகளில் இருக்கிறார்கள். பிள்ளை இறந்துவிட்டான் என்று அவர்களுக்குச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அருகிலிருந்து அவன் பெயரைக் கேட்கலாம். அப்பெயரைத் திருப்பலியிலே ஒப்புக்கொடுக்கலாம். உயிரோடிருப்போரும் மரித்தோரும் இறைவன் கையிலேயே இருக்கின்றனர்.

நவம்பர் 1 முதல் 8 வரை சேமக்காலையைத் தரிசித்து மரித்தோருக்காகச் செபிப்போர், பாவசங்கீர்த்தனம், நற்கருணை, பாப்பரசரின் கருத்துக்கான செபம் ஆகியவற்றை நிறைவேற்றிப் பரிபூரண பலனை உத்தரிக்கிற ஆன்மாக்களுக்கு ஒப்புக்கொடுக்கலாம் என்று திருச்சபை கற்பிக்கின்றது.

ஆசிரியர்களே, பெற்றோரே, பிள்ளைகளை இம்மாதம் உங்கள் பங்குச் சேமக்காலைக்கே அழைத்துச் செல்லுங்கள். கற்களை வாசிக்கட்டும், எழுதட்டும். கொப்பியின் கடைசிப் பக்கத்தில், கல்லில்லாதோரின் பெயர்களைப் பாட்டன் பாட்டியிடம் கேட்டு எழுதட்டும். பின்பு முழந்தாளிட்டு, எல்லோருக்காகவும் ஒரு பரலோக மந்திரம் சொல்லட்டும்.