சாயலும் சாயமும்

விடிவதற்கு வெகுநேரம் முன்பே எங்கள் கூடலூர் விழித்துக்கொள்ளும். தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டியபடி பெண்கள் சாலையோரம் வந்து நிற்பார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் லோயர் கேம்ப் வழியாகக் குமுளி மலைப்பாதையில் ஏறும். பகல் முழுவதும் ஏலத்தோட்டங்களின் ஈரத்தில் குனிந்து காய் எடுத்துவிட்டு, அட்டைக்கடியோடு மாலையில் இறங்கி வருவார்கள். வந்தவுடன் அடுப்பு, அடுப்பு அணைந்த பின் தொலைக்காட்சி. எங்கள் மக்கள் அதில் வருவதைத் ‘தொடர்’ என்று சொல்வதில்லை, ‘நாடகம்’ என்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், அப்படி நாடகம் ஓடிக்கொண்டிருந்த ஓர் இரவில் எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வந்தவள் பள்ளியில் என்னிடம் படித்த பெண். கன்னம் வீங்கியிருந்தது. கணவன் குடித்துவிட்டு வந்து அடித்ததாகவும், அன்றைய கூலியைப் பிடுங்கிக்கொண்டதாகவும் சொன்னாள். “அந்த வீட்டுக்குத் திரும்பப் போகட்டுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க சார்” என்றாள்.

ஓய்வுபெற்ற ஆசிரியன், பங்கில் மூத்தவன் என்ற பெயர் எனக்கு இருந்தது. அந்தப் பெயருக்கேற்ற விடை என்று நான் நினைத்ததைச் சொன்னேன். “நீதாம்மா பொறுத்துப் போகணும். குடும்பம்னா நாலும் இருக்கும். உன் பொறுமையாலதான் அவனைத் திருத்த முடியும்.” என் மனைவி ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று அவளுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

அவள் திரும்பிப் போனாள். நான்கு மாதங்கள் கழித்து, ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வருகையில் அவளைக் கண்டேன். இடக்கையில் மாவுக்கட்டு. காய் எடுக்கும் பருவம் முழுவதும் வேலைக்குப் போக இயலாமற் போயிற்று என்றாள். என்னைக் குறைகூறும் எண்ணம் அவளிடம் இல்லை. “அன்னைக்கு நீங்க சொன்னதைத்தான் சார் நாடகத்துலயும் சொல்றாங்க. ஆனா அதுல கடைசியில புருஷன் திருந்திடுறான்” என்றாள். அவ்வளவுதான்.

அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை. அன்றிரவு நான் அவளுக்குக் கொடுத்தது நற்செய்தியின் அறிவுரையா, நாடகத்தின் வசனமா?

வார்த்தெடுத்த பெண்கள்

‘ஸ்டீரியோடைப்’ என்ற சொல் அச்சகத்தில் பிறந்தது. கோத்த எழுத்துகளைக் கொண்ட பக்கத்தை அச்சு எடுத்து, உலோகத்தில் ஒரே தகடாக வார்த்துவிட்டால், அதே பக்கத்தை ஆயிரக்கணக்கில் அடிக்கலாம். ஆனால் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. மனிதரைப் பற்றிய மாறாத எண்ணத்திற்கு அச்சொல் பெயரானது மிகவும் பொருத்தமே.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. 1993இல் தனியார் தமிழ் அலைவரிசை வந்தது. 2006 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வழங்கத் தொடங்கியபின், கூலி வேலை செய்வோரின் ஒற்றை அறை வீடுகளிலும் அப்பெட்டி இடம்பிடித்தது. அதனுடன் இரண்டு பெண்களும் நம் வீட்டுக்குள் வந்தார்கள். ஒருத்தி எல்லாவற்றையும் தாங்குபவள். அவளுடைய கண்ணீரே அவளுடைய நற்சான்று. மற்றொருத்தி சூழ்ச்சி செய்பவள். உரக்கப் பேசுவதும் தனக்கென ஒன்றைக் கேட்பதும் அவளுடைய குற்றங்கள். இடையிடையே வரும் விளம்பரங்களில் மூன்றாமவள் ஒருத்தி துணி வெளுப்பதிலும் குழம்பு மணப்பதிலும் வாழ்வின் நிறைவைக் கண்டு புன்னகைப்பாள்.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. கட்டுமானத் தொழில் நடத்தும் பெண்ணை நாயகியாக்கிய ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை ஒளிபரப்பாயிற்று. ஆனால் பெரும்பாலான தொடர்களில் பெண்ணுக்குக் களம் வீடு. எதிரி மற்றொரு பெண். ஆயுதம் கண்ணீர் அல்லது சூழ்ச்சி. அந்தத் திரையில் ஏலக்காய் எடுக்கும் பெண் எங்கே? திராட்சைப் பந்தலின் கீழ் அண்ணாந்து நின்று கழுத்து வலிக்கக் கொத்துகளைத் திருத்தும் பெண் எங்கே? நம் பள்ளத்தாக்கின் பொருளாதாரத்தைத் தோளில் சுமப்பவள், தன் வீட்டுத் திரையில் தன்னைப் போன்ற ஒருத்தியைக் காண்பதே அரிது.

“வெறும் கதைதானே?”

கதை என்று தெரிந்தே பார்க்கிறோம். இதிலென்ன தீங்கு என்று கேட்கலாம். ஒரு கதை, ‘இவள் இப்படி இருந்தாள்’ என்கிறது. அதில் பொய்யில்லை. அதே கதை ஆயிரம் முறை சொல்லப்படும்போது, ‘பெண் என்றால் இப்படித்தான்’ என்று பொருள் மாறிவிடுகின்றது. அப்போது அது ஒட்டுமொத்தப் பெண்குலத்தைப் பற்றிய பொய்ச்சான்று ஆகிறதல்லவா?

இயற்றியவரின் நல்ல நோக்கம் மட்டும் இதற்கு மருந்தாவதில்லை. இந்தியத் தொலைக்காட்சியின் முதல் நெடுந்தொடரான ‘ஹம் லோக்’ 1984இல் தூர்தர்ஷனில் தொடங்கியது. மெக்சிக்கோ நாட்டில் மிகேல் சபிதோ வகுத்த முறையைப் பின்பற்றி, சமூகக் கல்வி புகட்டவே அது உருவாக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக்குமார் தோன்றி நீதியை எடுத்துரைப்பார். அதில் பாகவந்தி என்றொரு தாய். கணவனின் கொடுமைகளை வாய்திறவாமல் தாங்குபவள். ‘இப்படி இருக்கலாகாது’ என்பதற்கு எடுத்துக்காட்டாகவே அவளைப் படைத்தார்கள். ஆனால் எவரெட் ராஜர்ஸ், அர்விந்த் சிங்கல் ஆகிய அறிஞர்கள் பார்வையாளரிடையே ஆராய்ந்தபோது, பலர் அவளையே பின்பற்றத்தக்க பெண்ணாகக் கொண்டிருந்தது தெரியவந்தது. எச்சரிக்கையாக வைத்த உருவம் வழிபாட்டுக்குரிய உருவமாகிவிட்டது!

நமக்கு அண்மையிலேயே மற்றொரு சான்று உண்டு. 2022இல் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ தொடர், படித்த மருமகள்களை அடக்கியாளும் ஒரு குடும்பத் தலைவனின் ஆணவத்தைத் தோலுரிக்க முனைந்தது. அந்தத் தலைவனாக நடித்தவர் நம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்த மாரிமுத்து. 2023 செப்டம்பரில் அவர் மறைந்தபோது தமிழகமே வருந்தியது. அத்துணை இயல்பான நடிப்பு. எனினும் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். பெண்களை அதட்டி அவர் விளிக்கும் சொல், நாடெங்கும் சிரிப்பூட்டும் சொல்லாகப் பரவியது. எங்கள் தெருவில் சிறுவர்கள் தம் அக்காமாரை அப்படி அழைத்து விளையாடினார்கள். நாமும் சிரித்தோம். கண்டிப்பதற்காகக் காட்டப்பட்டதை நாம் இரசித்தோம். இதில் நடிகரின் குற்றம் ஏதுமில்லை. வார்ப்பு ஏற்கனவே நம் உள்ளத்தில் இருந்தது. திரை அதற்கு மை தடவியது.

2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், கேட்கப்பட்ட ஏழு காரணங்களுள் ஏதேனும் ஒன்றிற்காகக் கணவன் மனைவியை அடிப்பது தகும் என்று நாடு முழுவதிலும் 100க்கு 44 ஆண்கள் கூறினர். அப்படிக் கூறிய பெண்கள் 100க்கு 45 பேர். இதற்குத் தொலைக்காட்சி ஒன்றே காரணம் என்பது நேர்மையன்று. அது பிறப்பதற்கு முன்பே பழமொழிகளும் பாட்டிமாரும் அதைச் சொல்லிவந்தார்கள். ஆனால் அந்தப் பழைய பாடம் இன்று நாள்தோறும் இசையோடும் ஒளியோடும் திரும்ப ஓதப்படுகின்றது.

பொறுமை யாருடைய அறம்?

இங்கேதான் கிறிஸ்தவர்களாகிய நமக்குத் தனிச் சிக்கல் எழுகின்றது. பொறுமையும் தன்னலமறுப்பும் நம் மறையின் உயர்ந்த பண்புகள் அல்லவா? திரையில் தாங்கிக்கொள்பவள் நம் கண்ணுக்குப் புனிதையாகத் தோன்றுவதில் வியப்பென்ன? அன்று என் வாயில் அந்த வசனம் அவ்வளவு எளிதாக வந்ததற்குக் காரணமே அது திருமறையின் மொழியைப் போல் ஒலித்ததுதான்.

ஆனால் ஆண்டவர் தம் உயிரைத் தாமே மனமுவந்து கொடுத்தார். எவரும் அதை அவரிடமிருந்து பறிக்கவில்லை என்று யோவான் நற்செய்தி தெளிவாக்குகின்றது. உவந்து கொடுப்பது தியாகம். அடித்துப் பிடுங்குவது கொள்ளை. கூலியைப் பறிகொடுத்தவளிடம் ‘நீ தியாகம் செய்தாய்’ என்று சொல்வது, கொள்ளையடித்தவனுக்கு ஆசி வழங்குவதற்கு ஒப்பாகும். தன் சிலுவையைத் தான் சுமப்பது சீடத்துவம். பிறர் தோளில் சிலுவையை ஏற்றிவிட்டுப் பொறுமையைப் போதிப்பதற்கு நற்செய்தியில் வேறு பெயர் உண்டு.

மேலும், அறம் எனப்படுவது எல்லார்க்கும் பொதுவாக இருத்தல் வேண்டும். ஒரு பாலார்க்கு மட்டும் விதிக்கப்பட்ட பொறுமை அறமன்று, அது வரி. எபேசியருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தைக் காட்டி மனைவியின் பணிவைப் பேசுவோர் பலர். அப்பகுதிக்கு விளக்கம் தந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பெண்ணின் மாண்பு குறித்து 1988இல் வெளியிட்ட மடலில், அந்தப் பணிவு ஒருவழிப் பணிவன்று, கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் காட்டவேண்டிய பணிவு என்றார். 1996ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாளுக்குப் பெண்களையே பொருளாக எடுத்துக்கொண்டு, ஊடகங்கள் பெண்ணை மாண்புள்ள ஆளாகக் காட்டாமல் பிறர் இன்பத்துக்கும் ஆதிக்கத்துக்கும் உரிய பொருளாகக் காட்டுவதையும், மனைவியும் தாயுமான அவளுடைய பணியை எள்ளி நகையாடுவதையும் அவர் ஒருசேரக் கண்டித்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ ஏட்டில், பெண்களை அடிப்பது ஆண்மை அன்று, கோழைத்தனம் என்றார். வன்முறையிலிருந்து தன்னையும் பிள்ளைகளையும் காத்துக்கொள்ளப் பிரிந்து வாழ்வது சில வேளைகளில் அறநெறிப்படி தேவையாகவே அமையும் என்றும் அதில் எழுதினார். இவற்றையெல்லாம் படித்திருந்தவன்தான் அன்று கதவருகே நின்று வேறொன்றைச் சொன்னேன்.

சரியான விடை ஒன்று நாட்டுச் சட்டத்திலும் இருந்தது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் உண்டு. 181 என்ற எண்ணில் அழைத்தால் பெண்களுக்கு உதவி கிடைக்கும். இதை நான் பார்த்த எந்த நாடகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானும் தேடவில்லை.

திரைக்கு வெளியே

வேறு பெண்களையும் அதே பெட்டி காட்டியிருக்கின்றது. 2001இல் மதுரையை அடுத்த புல்லுச்சேரியின் விவசாயக் கூலித்தொழிலாளி சின்னப்பிள்ளை, களஞ்சியம் மகளிர் குழுக்களை வளர்த்த பணிக்காக டெல்லியில் விருது பெற்றபோது, பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2015 செப்டம்பரில் மூணாற்றில் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் திரண்டு, ஆண் தலைவர்களை ஒதுக்கிவிட்டு ஒன்பது நாள் போராடி, குறைக்கப்பட்ட போனசை மீண்டும் 20 விழுக்காடாகப் பெற்றனர். செய்தியில் ஒரு நாள் வந்து மறைந்த இப்பெண்களுக்கும், இரவுதோறும் வந்து அழும் பெண்ணுக்கும் எத்துணை தொலைவு!

நீதிமொழிகள் நூலின் இறுதி அதிகாரம் போற்றும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவள் நிலத்தைப் பார்த்து வாங்குகிறாள், தன் உழைப்பின் வருவாயில் திராட்சைத் தோட்டம் அமைக்கிறாள், ஞானத்தோடு பேசுகிறாள். அவள் அழுததாக அங்கே ஒரு சொல்கூட இல்லை. அவள் நம் கம்பம் பள்ளத்தாக்குக்காரி என்றே எனக்குத் தோன்றும்.

அப்படியானால் நாடகத்தை நிறுத்திவிடலாமா? அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. நாள் முழுவதும் குனிந்த முதுகு சாய்ந்திருக்கும் ஒரே நேரம் அது. தம்மைவிட அதிகமாக அழும் ஒருத்தியைக் கண்டு அவர்கள் ஆறுதல் அடைவதை இகழ்வது கல்வியின் செருக்கு. பார்ப்பதை விலக்குவதைவிட, பார்த்ததைப் பற்றிப் பேசுவதே பயன் தரும். ‘இவள் ஏன் வாய்திறக்கவில்லை? இவன் ஏன் பொறுக்கக் கற்கவில்லை?’ என்று நம் வீட்டுக் கூடத்தில் ஒரு கேள்வி எழட்டும். அதை ஆண்கள் கேட்கட்டும். மகன்களின் காதில் விழும்படி கேட்கட்டும்.

இறைவன் ஆணையும் பெண்ணையும் தம் சாயலில் படைத்தார் என்கிறது தொடக்கநூல். அந்தச் சாயலின்மேல் எவரோ பூசிய சாயத்தை, அதுவே இயற்கை நிறம் என்று நம்பி வாழ்கிறோம். சாயம் பூசுவோர் திரைக்குப் பின்னால் மட்டும் இல்லை.

அந்தப் பெண் இப்போது தன் தாயின் வீட்டில் குழந்தையோடு இருக்கிறாள். கை குணமாகி, மீண்டும் விடியற்காலை ஜீப்பில் மலையேறுகிறாள். சென்ற ஆண்டு தவக்காலத்தில் அவளைத் தேடிச் சென்று, “அன்றைக்கு நான் தப்பாச் சொல்லிட்டேம்மா, மன்னிச்சிடு” என்றேன். அவள் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “பொறுமையா இருக்கச் சொல்லி அவர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சார்.”

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன்.