முதல் நிமிடம்

சென்ற மாதம் நண்பன் ஒருவன் என்னிடம் ஒரு பட்டியல் கேட்டான். இங்கிலாந்தில் எங்களுக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறான். மனைவிக்கு இது இரண்டாவது பிரசவம். மருத்துவரோ மருத்துவச்சியோ இல்லாமல், கணவன் மட்டும் உடனிருக்க, வீட்டிலேயே பெற்றுக்கொள்வது என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள். பிறந்த குழந்தை மூச்சு விடவில்லை என்றால் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதித் தர வேண்டுமாம். நள்ளிரவில் சர்வர் விழுந்தால் யார் என்ன செய்வது என்று நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதனால் என்னிடம் வந்தான்.

சிரித்துத் தள்ள முடியவில்லை. முதல் பிரசவத்தில் அவளைக் கேட்காமலே பலதும் நடந்தன. வலிக்கிறது என்றதை யாரும் காதில் வாங்கவில்லை. இந்த முறை மருத்துவச்சிகளோடு வீட்டுப் பிரசவம் கேட்டார்கள். ஆள் பற்றாக்குறை, அன்றைக்கு வருவோம் என்று உறுதி தர முடியாது என்று பதில் வந்தது. சட்டமும் அவள் பக்கம்தான். முடிவெடுக்கும் திறனுள்ள பெண்ணை மருத்துவ உதவி பெறும்படி இங்கே கட்டாயப்படுத்த முடியாது. பிறக்கும்வரை சிசு தனி ஆளாகச் சட்டத்தின் கணக்கில் வராது.

என் சிக்கல் அந்தப் 'பிறக்கும்வரை'யில்தான். அவன் கேட்ட பட்டியல் அதற்கு அடுத்த நொடியில் தொடங்குகிறது. அவள் உடல், அவள் முடிவு. இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மூச்சு வராமல் துண்டில் கிடக்கும் உடல் இப்போது இன்னொருவருடையது. அந்த ஆளை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

பத்தில் ஒரு குழந்தைக்கு மூச்சைத் தொடங்க ஏதாவது உதவி தேவைப்படுகிறது. பெரும்பாலும் துடைத்துத் தேய்த்துவிட்டாலே போதும். போதாவிட்டால் தலையை நேராக வைத்து, முகமூடியை இறுகப் பொருத்தி, ஐந்து முறை காற்று செலுத்தி, நெஞ்சு எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகும் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 60க்குக் கீழே இருந்தால் நெஞ்சை அழுத்த வேண்டும், மூன்று அழுத்தத்துக்கு ஒரு காற்று. எழுத எளிது. பொம்மையில் பழகியவர்களுக்கே முகமூடியின் ஓரத்தில் காற்று கசியும். 999ஐ அழைத்தால், உயிராபத்துக்குச் சராசரியாக 7 நிமிடத்தில் வந்து சேர வேண்டும் என்பது இலக்கு. குழந்தைக்கோ முதல் நிமிடமே பெரிது.

அதே நிமிடத்தில் தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை என்றால்? 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் நடத்தியபோது குழந்தை பிழைத்தது, தாய் இறந்தார். தகப்பனுக்கு இருப்பது இரண்டு கை. இங்கே வீட்டுப் பிரசவத்துக்கு இரண்டு மருத்துவச்சிகள் வருவது வழக்கமாக இருப்பது சும்மா இல்லை.

"நம்ம பாட்டிங்க எல்லாம் வீட்டுலதானேடா பெத்தாங்க" என்றான். என் பாட்டியும் வீட்டில்தான் பெற்றாள், ஆனால் தனியாக அல்ல. மருத்துவச்சி இருந்தாள், கூடத்தில் நாலு பெண்கள் இருந்தார்கள். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் பாட்டி ஒரு எண்ணோடு நிறுத்தமாட்டாள். "பெத்தது ஒம்பது, நின்னது ஆறு" என்பாள்.

ஒத்திகை பார்க்காத மீட்புத் திட்டத்தை என் தொழிலில் திட்டம் என்றே சொல்வதில்லை. அது இல்லாததைவிட மோசம்; அதை நம்பி ஆட்கள் துணிந்துவிடுவார்கள். நான் எழுதும் காகிதம் அவர்களுக்கு அனுமதிச் சீட்டாகிவிடுமோ என்று பயந்தேன். எழுதாமல் விட்டால் என் கை சுத்தமாக இருக்கும். அதனால் குழந்தைக்கு என்ன லாபம்?

எழுதினேன். துண்டு, அறைச்சூடு, 999, முகமூடி, தாயின் இரத்தப்போக்கு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'யார்?' என்று ஒரு கட்டம் போட்டு நிரப்பி அனுப்பச் சொன்னேன். எல்லாக் கட்டத்திலும் அவன் பெயர்தான் வந்தது. பிறகு பத்து நாள் பேச்சில்லை.

ஒரு இரவு அழைத்தான். "மூணாவது ஆளா நீ வருவியா?" அவசரம் தவிர, மருத்துவச்சியோ மருத்துவரோ அல்லாதவர் பிரசவம் பார்ப்பது இந்நாட்டில் குற்றம். சட்டத்தை விடுங்கள், எனக்குக் கை நடுங்கும். வரமாட்டேன் என்றேன். மூத்த மருத்துவச்சியிடம் மறுபடி பேசப் போவதானால் கூட வந்து உட்காருகிறேன் என்றேன். அவள் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அங்க என்னைப் பேச விடுவாங்களா, அண்ணா?"

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறோம்.